'ஹர்ஷிதா' என்றால் கேமுக்குக் கோபம் வருமா? பழைய வீடியோ கேம்களில் ஒளிந்திருக்கும் கெட்ட வார்த்தைப் பட்டியல்!

2011-ம் ஆண்டு மார்ச் மாதம். 'போக்கிமான் பிளாக்', 'போக்கிமான் ஒயிட்' என்ற இரண்டு கேம்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகளுக்கு வந்தன. நின்டெண்டோ டி.எஸ் என்ற கையடக்கக் கருவியில் ஆட வேண்டிய கேம். காட்டிலும் மேட்டிலும் திரிந்து விதவிதமான பிராணிகளைப் பிடிக்க வேண்டும். தன்னிடம் இருப்பதைக் கொடுத்து, இல்லாததை இணையம் வழியாக வேறு நாட்டுப் பிள்ளையிடம் அன்று பண்டமாற்று செய்துகொள்ள முடிந்தது.

அந்தப் பிராணிகளில் ஒன்று சவப்பெட்டி வடிவில் இருக்கும் பேய். பெயர் கோஃபாக்ரிகஸ். சவப்பெட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் கலந்து செய்த பெயர். பாடுபட்டுப் பிடித்த இந்தப் பேயைப் பண்டமாற்றுக்கு வைத்தால், கேம் ஏற்றுக்கொள்ள மறுத்தது. பேய் என்பதால் அல்ல, பெயர்தான் காரணம். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் பெயரின் நடுவே மூன்று எழுத்துகள் வரிசையாக வந்து விழுகின்றன. அவை தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் ஒரு வசவுச் சொல். கேமுக்குள் இருந்த கெட்ட வார்த்தை ஃபில்டர் அதைக் கண்டுபிடித்துத் தடுத்துவிட்டது.

பெயரை வைத்தவர்களும் கேமைச் செய்தவர்களே. தடுத்ததும் அவர்கள் வைத்த ஃபில்டர்தான். பேய்க்கு வேறு ஏதாவது செல்லப் பெயர் வைத்தால் மட்டும் பண்டமாற்றுக்கு அனுமதி கிடைத்தது.

இப்படியொரு ஃபில்டர் உள்ளே இருக்கிறது என்று கேம் பெட்டியின் மேல் யாரும் விளம்பரம் செய்வதில்லை. தடைசெய்த சொற்கள் இவை என்று கையேட்டில் அச்சிடவும் முடியாது. அச்சிட்டால் அந்தக் கையேட்டைத்தான் முதலில் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டியிருக்கும்! அதனால் பட்டியல் கேமின் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். பல வருடங்கள் கழித்து யாராவது தோண்டி எடுத்தால்தான் உலகத்துக்குத் தெரியவரும்.

மூன்றே எழுத்து போதும்

கதை ஆர்கேட் காலத்தில் தொடங்குகிறது. காசு போட்டு, நின்றபடி ஆடும் பெரிய பெட்டிகளின் காலம் அது. 1979-ல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'ஆஸ்டராய்ட்ஸ்' கேமில், அதிகப் புள்ளி எடுத்தவர் தன் பெயரின் மூன்று எழுத்துகளைப் பதிவுசெய்யலாம். யாரும் ஆடாத நேரத்தில் அந்தப் பட்டியல் திரையில் தானாக ஓடும். அடுத்தவனைப் பார்க்க வைத்து, 'இவனை முந்த வேண்டும்' என்று காசு போட வைக்கும் தந்திரம்.

மூன்று எழுத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைக்கலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை மூன்று இடங்களில் மாற்றி மாற்றிப் போட்டால் 17,576 சேர்க்கைகள் வரும். அதில் விவகாரமானவை கொஞ்சம்தான். ஆனால், கையில் சில்லறையும் மனதில் குறும்பும் இருக்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு அந்தக் கொஞ்சம்தான் முதலில் தோன்றும். ஆஸ்டராய்ட்ஸில் மின்சாரத்தை அணைத்தால் பட்டியல் அழிந்துவிடும் என்பதால் கடைக்காரர் தப்பித்தார். புள்ளிகளை நிரந்தரமாகச் சேமிக்கும் பெட்டிகள் வந்த பிறகு, குடும்பத்தோடு சாப்பிட வருகிற கடையின் மூலையில் அந்த மூன்று எழுத்தும் நாள்கணக்கில் மின்னிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. பின்னாளில் வந்த பல ஆர்கேட் கேம்களின் சிப்புக்குள் தடைசெய்த மூன்றெழுத்துகளின் பட்டியல் இடம்பிடித்தது இதனால்தான். சில கேம்கள் அந்த எழுத்துகளை அழித்துவிடும். சில, வேறு எழுத்துகளை மாற்றிவைத்துவிடும்.

பட்டியலுக்கு இடம் ஒதுக்குவது அன்றைக்குச் சின்ன விஷயமல்ல. நின்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேம் மொத்தமே 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படம் அதைவிடப் பெரிது. அப்படிப்பட்ட இடநெருக்கடியில் வசவுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள்.

திட்டினால் திருப்பித் திட்டும்

ஆர்கேட் பெட்டிகள் சத்தமில்லாமல் அழித்த வார்த்தைகளுக்கு, எழுத்து வடிவ கேம்கள் பதிலே சொல்லின. படமே இல்லாத கேம்கள் இவை. 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து ஆட வேண்டும். 1970-களில் வில் க்ரவுதர் எழுதி, டான் உட்ஸ் விரிவாக்கிய 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்' இந்த வகைக்கு முன்னோடி. குகைக்குள் வழி தெரியாமல் கடுப்பாகி ஒருவர் கெட்ட வார்த்தையை டைப் செய்தால், 'வார்த்தையைப் பார்த்துப் பேசு' என்கிற தொனியில் எச்சரிக்கை வரும். அதன் வழியில் வந்த 'ஸோர்க்' இன்னும் நக்கல் பிடித்தது. இவ்வளவு கௌரவமான இடத்தில் இப்படியா பேசுவது என்று ஆடுபவரையே கூச வைக்கும்.

1990-களின் தொடக்கத்தில் சவுண்ட் பிளாஸ்டர் கார்டோடு வந்த 'டாக்டர் ஸ்பைட்சோ' என்ற பேசும் புரோகிராமும் இந்த ரகம். மனநல மருத்துவர்போலக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும். தொடர்ந்து திட்டினால், கம்ப்யூட்டரே பழுதாகிவிட்டதுபோலப் 'பாரிட்டி எரர்' என்று அலறி நடிக்கும். வீட்டு கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டோமோ என்று பயந்த பிள்ளைகளுக்கு, அது எந்த ஃபில்டரைவிடவும் நல்ல பாடமாக இருந்திருக்கும்.

இந்த கேம்களில் கவனிக்க ஒன்று உண்டு. வசவுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்த வசவு கேமுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 'விளக்கு', 'சாவி', 'கதவு' ஆகியவை இருக்கும் அதே சொல்லகராதிக்குள், ஒரு புரோகிராமர் உட்கார்ந்து அச்சில் ஏற்ற முடியாத சொற்களையும் ஒவ்வொன்றாக டைப் செய்திருக்கிறார்.

பாஸ்வேர்டே திட்டினால்?

ஆடுபவர் திட்டுவது ஒரு பக்கம். கேமே திட்டிவிட்டால்? 1980-களின் பல கேம்களில், ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் சேமிக்க வசதி கிடையாது. கேம் ஒரு நீளமான பாஸ்வேர்டைக் காட்டும். நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் டைப் செய்ய வேண்டும். எழுத்துகளை கேம் தானாகக் கலந்து உருவாக்குவதால், தற்செயலாக ஒரு கெட்ட வார்த்தை வந்து விழலாம். ஒரு குழந்தையின் டி.வி திரையில் அது தெரிந்தால் யாரைக் குறை சொல்வது?

இதற்குப் பட்டியலே தேவைப்படாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். ஆங்கில உயிரெழுத்துகளை எடுத்துவிடுவது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் இல்லாவிட்டால், நல்ல வார்த்தையும் வராது, கெட்ட வார்த்தையும் வராது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் 25 எழுத்து புராடக்ட் கீ வீட்டில் எங்காவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதிலும் இந்த ஐந்து எழுத்துகள் இருக்காது.

1987-ல் அமெரிக்காவில் வெளியான 'மெட்ராய்ட்' கேமில் உயிரெழுத்துகளும் உண்டு. 24 இடங்கள் கொண்ட பாஸ்வேர்டு. அதில் வரும் ரிட்லி என்ற வில்லனின் பெயரோடு, அம்மாவை இழுக்கும் ஆங்கில வசவு ஒன்றைச் சேர்த்து யாரோ டைப் செய்து பார்த்திருக்கிறார். சரியாக 24 எழுத்து. கேம் அந்தப் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, அடுத்த நொடியே குழம்பிப்போய் நின்றுவிட்டது. நின்டெண்டோ வைத்த ரகசியப் பொறி என்று ரசிகர்களிடையே கதை பரவியது. உண்மையில் அது கெட்ட வார்த்தை என்பதே அந்த கேமுக்குத் தெரியாது. அந்த 24 எழுத்தும் கணக்குப்படி செல்லுபடியாகும் பாஸ்வேர்டாக அமைந்துவிட்டன. ஆனால், அது காட்டிய இடம் கேமுக்குள் இல்லாத இடம். ஃபில்டரே இல்லாத ஒரு கேம், ஃபில்டருக்காகப் பேர் வாங்கிய கதை இது.

'எருமை' இருந்தால் 'பெருமை'க்கும் தடை

பழைய கேம்களின் சிப்பில் இருப்பதை அப்படியே கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து, எண்களாகத் தெரிவதை எழுத்துகளாக மாற்றிப் படிக்கும் ரசிகர் கூட்டம் ஒன்று உலகமெங்கும் இருக்கிறது. 'தி கட்டிங் ரூம் ஃப்ளோர்' என்ற இணையதளம் இவர்களின் கண்டுபிடிப்புகளைக் கேம்வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. பயன்படுத்தாமல் விட்ட படங்கள், பாதியில் கைவிட்ட வசனங்களோடு, மறைத்துவைத்த கெட்ட வார்த்தைப் பட்டியல்களும் அங்கே உண்டு. நின்டெண்டோவின் 3டி.எஸ், ஸ்விட்ச் கருவிகளைத் திறந்து பார்த்தவர்கள், ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிக் கோப்பாக வைத்திருந்த பட்டியலைக் கண்டார்கள். ஸ்விட்ச்சில் அதன் பெயர் 'என்ஜி வேர்டு'. 'நோ குட்' என்பதன் சுருக்கமாக ஜப்பானியர்கள் தினமும் சொல்லும் 'என்ஜி'தான் அது.

அந்தக் கோப்புகளில் சொற்களுக்கு முன்னும் பின்னும் சில குறிகள் இருக்கும். 'சொல் இங்கே தொடங்கினால் மட்டும் தடு', 'இங்கே முடிந்தால் மட்டும் தடு' என்று அர்த்தம். ஏன் இத்தனை பாடு?

தமிழிலேயே ஓர் உதாரணம் பார்ப்போம். 'எருமை' என்று யாரும் திட்டக் கூடாது என்று ஆங்கில எழுத்துகளில் ஒரு ஃபில்டர் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒருவர் 'பெருமை' என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்கிறார். முதல் எழுத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் உள்ளே எருமை நிற்கிறது! ஃபில்டர் தடுத்துவிடும். சரி, முழுச் சொல்லாக வந்தால் மட்டும் தடு என்று சொல்லிப் பார்க்கலாம். பையன்கள் 'எருமைஎருமை' என்று ஒட்டி எழுதுவார்கள், நடுவில் புள்ளி வைப்பார்கள், எழுத்துக்குப் பதில் எண்ணைப் போடுவார்கள். இறுக்கினால் அப்பாவி மாட்டுவார், தளர்த்தினால் குறும்பன் தப்புவான்.

கம்ப்யூட்டர் உலகில் இதற்கு ஓர் ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப். 1996-ல் அந்த ஊர் மக்கள் ஏ.ஓ.எல் இணையச் சேவையில் கணக்கு தொடங்க முடியாமல் தவித்தார்கள். ஊர்ப் பெயரின் உள்ளே நான்கெழுத்து ஆபாசச் சொல் ஒன்று ஒளிந்திருந்ததுதான் காரணம். ஃபில்டரைத் திருத்துவதற்கு முன், ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிக்கொள்ளச் சொல்லி ஏ.ஓ.எல் சமாளித்தது. நூற்றாண்டுகளாக இருக்கும் ஊரைவிட, நேற்று எழுதிய பட்டியல் பெரிதாகிவிட்டது. 'டார்க் சோல்ஸ்' வரிசை கேம்களில், வீரனுக்கு 'நைட்' என்று பெயர் வைத்தவர்களுக்கு நடுவில் மூன்று நட்சத்திரங்கள்தான் தெரிந்தன. நைட் என்பது அந்த கேமிலேயே உள்ள ஒரு வீரர் வகையின் பெயர். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் அதற்குள் இருப்பதுதான் சிக்கல்.

நம் வீடுகளுக்கும் இது தூரமில்லை. ஹர்ஷிதா, ரக்ஷிதா, அக்ஷிதா, நிஷிதா... இப்போது எந்த வகுப்பறைக்குப் போனாலும் காதில் விழும் பெயர்கள். இதில் எதையாவது ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் 'ஷி'யில் தொடங்கும் நான்கு எழுத்துகளை மட்டும் தனியே படித்துப் பாருங்கள். கோயில் தீட்சிதர்களின் பெயருக்குள்ளும் அதே நான்கு எழுத்துகள் உண்டு. எழுத்துகளை மட்டும் பார்த்துத் தடுக்கும் எந்த ஃபில்டரும் இந்தப் பெயர்களை உள்ளே விடாது. ஒன்பது வயதுக் குழந்தை ஆசையாகத் தன் பெயரை டைப் செய்கிறது. 'இந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது' என்று திரை சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. அந்தக் குழந்தைக்கு அம்மா எதை விளக்குவார்?

பட்டியலில் வசவு மட்டுமா இருந்தது?

மூடிவைத்த பட்டியலில் வேறு எதையும் எழுதலாம் என்பதுதான் இதில் கவலைப்பட வேண்டிய விஷயம். 2004-ல் சீனாவில் மிகப் பிரபலமாக இருந்த கியூகியூ உரையாடல் மென்பொருளின் இன்ஸ்டால் தொகுப்புக்குள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தடைப் பட்டியலை ஹேக்கர்கள் கண்டெடுத்தார்கள். பாலியல் சொற்கள் அதில் சிறு பகுதிதான். பெரும்பகுதி அரசியல். ஃபாலுன் காங் இயக்கம், தியானென்மென் சதுக்கத்தில் ரத்தம் சிந்திய ஜூன் 4 ஆகியவை ஆபாசச் சொற்களோடு ஒரே வரிசையில் நின்றன.

கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் 2017-ல் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். சீனாவின் 200-க்கும் மேற்பட்ட மொபைல் கேம்களைத் திறந்து, 1,80,000-க்கும் அதிகமான தடைச் சொற்களை எடுத்தார்கள். அரசாங்கம் ஒரே பட்டியலைக் கொடுத்து எல்லோரையும் பயன்படுத்தச் சொல்லியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால், பட்டியல்கள் கேமுக்கு கேம் வேறுபட்டன. ஒரே நிறுவனம் செய்த அல்லது வெளியிட்ட கேம்களில்தான் ஒற்றுமை தெரிந்தது. எதற்குத் தண்டனை வரும் என்று தெளிவாகச் சொல்லாமல், பொறுப்பை மட்டும் நிறுவனங்களின் தலையில் கட்டினால், அவரவர் பயத்துக்கு ஏற்ப அவரவர் பட்டியல் நீளும்.

ஒட்டகச்சிவிங்கியும் முயலும்

கெட்டதைத் தடுப்பதற்குப் பதிலாக, நல்லதை மட்டும் அனுமதித்தால் என்ன? டிஸ்னி இதைச் செய்து பார்த்திருக்கிறது. 1996-ல் குழந்தைகளுக்கான ஓர் இணைய உலகத்தைத் திட்டமிட்டபோது, அந்தக் குழுக்களோடு பணியாற்றிய ராண்டி ஃபார்மர் பின்னாளில் அந்தக் கதையை எழுதினார். எந்தக் குழந்தையும் தொல்லைக்கு ஆளாகக் கூடாது. தொல்லை தருகிறார்கள் என்பது குழந்தைக்கே புரியாவிட்டாலும் கூடாது. டிஸ்னி வைத்த நிபந்தனை அவ்வளவு கடுமையானது.

எனவே டைப் செய்வதே கிடையாது. சுத்தமான சொற்களை மட்டும் கொடுத்து, அவற்றை எடுத்துக் கோத்து வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். விலங்குகள், நிறங்கள், பொம்மைகள். ஒன்றில்கூடக் குற்றம் காண முடியாது. பரிசோதிக்க ஒரு 14 வயதுப் பையனை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். சில நிமிடங்களில் அவன் ஒரு வாக்கியத்தை அமைத்துவிட்டான். நீளக் கழுத்து ஒட்டகச்சிவிங்கியும் பஞ்சுபோன்ற வெள்ளை முயலும் அதில் வந்தன. ஒவ்வொரு சொல்லும் டிஸ்னி கொடுத்ததுதான். மொத்த வாக்கியத்தை இங்கே எழுத முடியாது.

2003-ல் 'டூன்டவுன் ஆன்லைன்' வந்தபோது, முழு வாக்கியங்களையே முன்கூட்டி எழுதிவைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுத்துப் பேசும்படி செய்தார்கள். ஒருவரையொருவர் நேரில் அறிந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சலுகை. ரகசியக் குறியீடு ஒன்றைக் கேம் கொடுக்கும். அதைப் பள்ளியிலோ போனிலோ நண்பனிடம் சொன்னால், இருவரும் தாராளமாக டைப் செய்து பேசலாம். முகம் தெரியாதவருக்கு அந்தக் குறியீட்டை கேமுக்குள் சொல்ல வழியே இல்லை என்று நம்பினார்கள்.

பிள்ளைகள் கேமுக்குள் தங்களுக்குக் கிடைத்த வீட்டுக்குள் போனார்கள். அலங்காரப் பொருள்களை நகர்த்தி, எழுத்துகள், எண்கள் வடிவில் தரையில் அடுக்கினார்கள். வீட்டைப் பார்க்க வந்த அந்நியர், குறியீட்டைப் படித்துக்கொண்டு போனார்.

தமிழுக்குப் பட்டியல் உண்டா?

நின்டெண்டோ ஸ்விட்ச்சில் ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், கொரியம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. தமிழ் வசவை ஆங்கில எழுத்தில் அடித்தால், அப்படிப்பட்ட ஃபில்டருக்கு அது அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டம். ஒரே சொல்லை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதுவது நம் வழக்கம் என்பதால், பட்டியல் போட உட்கார்ந்தாலும் ஒரு சொல்லுக்கு ஐந்தாறு வடிவம் எழுத வேண்டிவரும். அப்பாவி ஹர்ஷிதாவைத் தடுக்கும் ஃபில்டர், அவளை அசிங்கமாகத் திட்டும் எதிராளியைக் கண்டுகொள்ளாது.

கம்ப்யூட்டரில் 'ஸ்டீம்' தளம் வழியாக கேம் ஆடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு தகவல். 2020-ல் அந்தத் தளம் தன் சாட் ஃபில்டரில் ஒரு வசதியைச் சேர்த்தது. கணக்கு அமைப்புகளுக்குள் போனால், தடுக்க வேண்டிய சொற்களை நாமே பட்டியலில் சேர்க்கலாம். தவறாகத் தடுக்கப்படும் சொல்லை அனுமதிக்கவும் செய்யலாம். ஹர்ஷிதாவின் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்க்க ஒரு நிமிடம் போதும். தடுப்புப் பட்டியலுக்குத்தான் நேரமாகும். அம்மாவோ அப்பாவோ கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழ்க் கெட்ட வார்த்தைகள் அத்தனையையும், எல்லா ஸ்பெல்லிங்கிலும், ஒவ்வொன்றாக டைப் செய்ய வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் அதற்கு உத்தமம்.